கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புப் பாதை



தேனி மாவட்டத்தின் மேற்கு விளிம்பில், போடிநாயக்கனூருக்கு மேலே எழும் மலைத்தொடரின் முகட்டில், 7,000 அடிக்கும் அதிகமான உயரத்தில் கொழுக்குமலை என்றொரு தேயிலைத் தோட்டம் இருக்கிறது. வருவாய்த்துறையின் கணக்கிலும் வரைபடத்திலும் அது தமிழ்நாட்டு மண். ஆனால் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து சக்கரம் உருண்டு அங்கே ஏற வழி கிடையாது. குரங்கணியிலிருந்து கால்நடையாக ஏறும் செங்குத்தான மலைப்பாதை உண்டே தவிர, வாகனத்தில் போக விரும்புகிறவர் போடிமெட்டு ஏறி, மாநில எல்லையைக் கடந்து, பூப்பாறை வழியாக இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லியை அடைந்து, அங்கிருந்து கேரளத்துத் தேயிலைத் தோட்டங்களின் ஊடே மேலேறி, முகட்டை நெருங்கும்போது மறுபடியும் எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வந்து சேரவேண்டும்.

அந்தச் சூரியநெல்லிப் பாதையைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க ஜீப்புக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கிறது என்றால் பாதையின் லட்சணத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் தோட்டத்துச் சாலை சாதுவாகத்தான் போகிறது. பிறகு அது கல் பாவிய தடமாகி, அந்தக் கல்லும் ஆண்டுதோறும் மழைநீரின் ஓட்டத்தில் பெயர்ந்து புரண்டு கிடக்க, ஒருபுறம் மலைச்சுவரும் மறுபுறம் பள்ளத்தாக்குமாக, வளைவுக்கு மேல் வளைவாக ஏறத் தொடங்குகிறது. மலைத்தடங்களைத் தரம் பிரிக்கிறவர்கள் இதை நடுத்தரமான கடினம் உடையது என்றே சொல்வார்கள். என் அபிப்பிராயமும் அதுவே. ஆழமான ஆறுகளில் இறங்கி ஏறவேண்டியதில்லை. வடம் கட்டி வண்டியை இழுக்கவேண்டிய அவசியமும் சாதாரணமாக நேர்வதில்லை. ஆயினும் நகரத்துக் காரை அங்கே ஏற்றினால் அதன் அடிப்பாகம் கல்லில் தட்டி நின்றுவிடும். தரையிலிருந்து உயர்ந்து நிற்கும் உடலும், நான்கு சக்கரங்களுக்கும் சக்தி பாயும் அமைப்பும், பொறுமையுள்ள சாரதியும் ஒருசேர வாய்த்தால், அந்தப் பாதை நம்மைப் பத்திரமாக முகட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

இந்த மூன்றில் கடைசியாகச் சொன்ன சாரதியை உருவாக்குவதே என் தொழிலாக நெடுங்காலம் இருந்து வந்திருக்கிறது. ஏலத் தோட்டங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் ஜீப்பு ஓட்ட வருகிற இளைஞர்களுக்கு மலைப்பாதையின் நுட்பங்களைக் கற்றுக்கொடுத்து வந்தவன் என்ற முறையில், ஒரு செய்தியை உங்கள் மனத்தில் பதியவைக்க ஆசைப்படுகிறேன். மலையில் வண்டி ஏறுவது வேகத்தால் என்று எண்ணுகிறவர் அநேகர். அது முற்றிலும் தவறான எண்ணம். எவ்வளவுக்கெவ்வளவு மெதுவாகச் சக்கரத்தை உருட்டத் தெரிகிறதோ, அவ்வளவுக்கவ்வளவு உயரத்துக்கு ஒருவன் ஏற முடியும்.

பழைய ஜீப்பின் உள்ளே நீங்கள் எட்டிப் பார்த்திருந்தால், வழக்கமான கியர்க் கம்பிக்குப் பக்கத்தில் குட்டையாக வேறு கம்பிகளும் நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். முன்சக்கரங்களையும் எஞ்சினோடு இணைப்பது ஒன்று. வண்டியை 'லோ'வில் போடுவது மற்றொன்று. பிற்கால வண்டிகளில் இவ்விரண்டு வேலைகளையும் ஒரே கம்பி செய்வதுண்டு. 1940ஆம் ஆண்டில் அமெரிக்க ராணுவம் எந்தக் கரடுமுரடான நிலத்திலும் போகக்கூடிய சிறு வாகனம் ஒன்று வேண்டுமென்று கேட்டதிலிருந்து பிறந்தது இந்த அமைப்பு. போர் முடிவதற்குள் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களுமாக 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. அந்த வில்லிஸ் ஜீப்பைத்தான் 1940களின் கடைசியில் மஹிந்திரா நிறுவனத்தார் நம் நாட்டில் பூட்டத் தொடங்கினார்கள். அதன் வம்சத்தில் வந்த வண்டிகளே இன்றும் சூரியநெல்லியில் வரிசையாக நிற்கின்றன.

அந்த 'லோ' கம்பி செய்கிற காரியம் என்ன? எஞ்சின் சுற்றுகிற சுற்று மாறாமலே, சக்கரம் சுற்றும் வேகத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்து, அதற்கு ஈடாகச் சக்கரத்தின் இழுவிசையை ஏறத்தாழ இரட்டிப்பாக்கிவிடுகிறது. அவ்வளவே, ஆனால் அந்த அவ்வளவுக்குள் மலையேற்றத்தின் ரகசியம் முழுவதும் அடங்கியிருக்கிறது. முதல் கியரில் 'லோ'வைப் போட்டுவிட்டு ஆக்ஸிலேட்டரின்மேல் காலை வெறுமனே வைத்திருந்தால், மனிதன் நடக்கிற வேகத்துக்கும் குறைவாக, எந்தப் பதற்றமும் இல்லாமல், வண்டி கல்லின்மேல் ஏறி இறங்கிப் போய்க்கொண்டே இருக்கும். உயரே போகப்போகக் காற்று மெலிவதால், காற்றைத் தானாகவே உறிஞ்சி வாழும் பழைய எஞ்சின் 7,000 அடியில் தன் பலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடுகிறது. அந்த இழப்பை ஈடுசெய்வதும் இந்தக் கம்பியேதான்.

நெடுஞ்சாலையில் பாரவண்டி ஓட்டிக் கைதேர்ந்த வாலிபர் ஒருவர் என்னிடம் பயிற்சிக்கு வந்தார். நல்ல தைரியசாலி, கையும் கண்ணும் கூர்மையானவர். முதல் கல் ஏற்றத்தைக் கண்டதும், ஓட்டம் எடுத்துப் பாய்ந்து ஏறிவிடலாம் என்று இரண்டாம் கியரில் வண்டியை முடுக்கினார். முன்சக்கரம் ஒரு கல்லில் மோதி எழும்ப, வண்டி குதிக்க, குதித்த வண்டியில் அவர் காலும் ஆக்ஸிலேட்டரில் குதிக்க, சரளையை வாரி இறைத்துவிட்டுப் பாதி ஏற்றத்தில் வண்டி நின்றது. கிளட்ச் கருகும் வாடை எழுந்தது. அவரைக் கடிந்துகொள்ளாமல் இறங்கச் சொல்லி, அந்த ஏற்றத்தை மேலும் கீழுமாக இருவரும் நடந்து பார்த்தோம். பிறகு வண்டியை மெல்லப் பின்னுக்கு இறக்கி, 'லோ'வில் முதல் கியர் போட்டு, கிளட்சிலிருந்து காலை முழுவதும் எடுத்துவிட்டு, ஆக்ஸிலேட்டரை அசையாமல் பிடித்துக்கொள்ளும்படி சொன்னேன். வண்டி ஏறி மேல் வளைவை அடைந்ததும், "ஐயா, நான் ஒண்ணுமே செய்யலியே, வண்டி தானா ஏறுதே!" என்று அவர் வியந்து சொன்னபோது, அவருக்கு நான் கற்றுக்கொடுக்க வேண்டியதில் பெரும்பகுதி முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

நேயர்களே, நடந்து பார்த்தோம் என்று சொன்னேன் அல்லவா? அது நேரத்தை வீணாக்குவது என்று பலர் நினைக்கிறார்கள். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருப்பவருக்கு வண்டியின் மூக்குக்கு முன்னால் பல அடி தூரத்து நிலம் தெரியாது. ஏற்றத்தில் மூக்கு மேலே நிமிரும்போது பாதைக்குப் பதிலாக ஆகாயம்தான் தெரியும். ஆகையால் எந்தக் கல் ஆழமாகப் பதிந்திருக்கிறது, எந்தக் கல் காலால் மிதித்தாலே ஆடுகிறது, நீர் அரித்த பள்ளம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, வளைவின் வெளி விளிம்பு கெட்டியான மண்ணா அல்லது புல் மூடிய பொய்த்தரையா என்பதையெல்லாம் பாதத்தாலும் கண்ணாலும் முன்கூட்டியே அறிந்து, இடது சக்கரம் இந்தக் கல்லின்மேல், வலது சக்கரம் அந்தத் திட்டின்மேல் என்று மனத்துக்குள் ஒரு கோடு கிழித்துக்கொண்ட பிறகே வண்டியில் ஏறவேண்டும்.

சூரியநெல்லியில் முதிய ஓட்டுநர் ஒருவர் இருந்தார். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் முதல் நடையில், சந்தேகமான ஒவ்வொரு வளைவிலும் அவர் வண்டியை நிறுத்தி, கையில் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார். பயணிகள் சலித்துக்கொண்டாலும் அவர் சட்டை செய்வதில்லை. அவரிடம் நான் கற்றுக்கொண்ட பழக்கம் ஒன்று உண்டு. ஏற்றத்தில் நின்ற வண்டி பின்னோக்கி உருளாமல் இருக்கச் சக்கரத்துக்குப் பின்னால் கல் முட்டுக் கொடுப்பது எல்லோரும் செய்கிற காரியம். வண்டி நகர்ந்ததும் அந்தக் கல்லை நடுவழியில் விட்டுவிட்டுப் போவதும், வருத்தத்தோடு சொல்கிறேன், அநேகமாக எல்லோரும் செய்கிற காரியமே. அவர் மட்டும் மேலே போய் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்ப இறங்கி வந்து, அந்தக் கல்லை எடுத்து மலைப்பக்கத்து ஓரத்தில் வைத்துவிட்டுப் போவார். "வச்சவன்தான் எடுக்கணும் தம்பி, இருட்டுல இறங்கி வர்றவனுக்கு அதுவே வினையாயிடும்" என்பார். என் மாணவர்கள் எல்லோரிடமும் இந்த ஒரு பழக்கத்துக்கு உறுதி வாங்கிக்கொள்ளாமல் நான் யாரையும் தனியே ஓட்ட அனுமதித்ததில்லை.

புதியவர்களுக்குக் கல்லைக் கண்டால் அதை இரு சக்கரங்களுக்கும் நடுவே விட்டுத் தாண்டிப் போகவே தோன்றும். தார்ச் சாலையில் அந்தப் புத்தி சரி. மலைத்தடத்தில் அது வண்டிக்கு ஆபத்து. எஞ்சினின் சக்தியை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துக்கொடுக்கிற பல்சக்கரத் தொகுதியான டிஃபரன்ஷியலின், அச்சில் புடைத்துத் தொங்குகிற கூடுதான் ஜீப்பின் அடிப்பாகத்தில் தரைக்கு மிக அருகில் இருக்கிற உறுப்பு. நடுவே விட்ட கல் அதில் போய் இடிக்கும். கல்லின்மேல் சக்கரத்தையே ஏற்றிவிட்டால் அச்சும் கூடவே உயர்ந்துவிடுகிறது, இடிப்பதற்கு இடமில்லை. நிறைகுடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு குளத்துப் படிகளில் ஏறும் பெண், ஒவ்வோர் அடியையும் வைத்து, அது நிலைத்த பிறகே அடுத்த அடியை எடுப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சக்கரத்தையும் அவ்விதம்தான் ஒவ்வொரு கல்லாக வைத்து ஏற்றவேண்டும்.

சில இடங்களில் குறுக்கு மூலையாக இரு சக்கரங்கள் தரையைவிட்டு எழும்பிவிடும். அப்போது நான்கு சக்கரச் சக்தி இருந்தும் வண்டி நகராது. சாதாரண டிஃபரன்ஷியலின் சுபாவம் அது: தடையில்லாமல் அந்தரத்தில் சுற்றுகிற சக்கரத்துக்கே சுழற்சி முழுவதும் போய்விடும், மண்ணைப் பற்றியிருக்கிற சக்கரம் சும்மா நிற்கும். அந்நேரத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்து உறுமவிடுவது பயனற்றது. ஆக்ஸிலேட்டரை நிதானமாகப் பிடித்துக்கொண்டே இடது காலால் பிரேக்கை இலேசாக வருடினால், அந்தரத்துச் சக்கரத்துக்கும் ஒரு தடை உண்டாகி, தரையிலுள்ள சக்கரத்துக்குச் சக்தி திரும்பும். இரண்டொரு அங்குலம் நகர்ந்தாலே போதும். சக்கரங்கள் மறுபடியும் தரையைத் தொட்டுவிடும். இதைச் செய்து காட்டும்போதெல்லாம் பின்னிருக்கையில் இருப்பவர்கள் கைதட்டுவார்கள். உண்மையில் இதில் வித்தை ஒன்றுமில்லை. பல்சக்கரங்களின் நியாயம் தெரிந்தால் போதும்.

சொல்லவேண்டியவை இன்னும் எத்தனையோ இருக்க, கடிகாரம் எனக்குச் சைகை காட்டுகிறது. ஆகையால் சிலவற்றைச் சுருக்கமாகவே சொல்லிப் போகிறேன். ஏற்றத்துக்கு முன் டயரில் கொஞ்சம் காற்றை இறக்கினால் ரப்பர் அகன்று கல்லைப் பற்றிக்கொள்ளும். தார்ச் சாலைக்குத் திரும்பியதும் மறவாமல் நிரப்பிக்கொள்ளவேண்டும். ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது கட்டைவிரலை வளையத்துக்குள் மடக்கக் கூடாது. சக்கரம் கல்லில் மோதி ஸ்டியரிங் வெட்டித் திரும்பினால் விரல் முறிந்துவிடும். மூடுபனியில் விளக்கைத் தாழ்த்தி வைக்கவேண்டும்; உயர்த்தினால் கண்ணெதிரே வெள்ளைச் சுவர்தான் எழும். ஒடுங்கிய இடத்தில் எதிரெதிரே வண்டிகள் சந்தித்தால் இறங்குகிற வண்டி நின்று, ஏறுகிற வண்டிக்கு வழிவிடவேண்டும். சாலை விதியும் அதைத்தான் சொல்கிறது, மலைநாட்டு மரியாதையும் அதைத்தான் சொல்கிறது.

சூரியோதயத்தைக் காண விரும்புகிறவர்கள் இருட்டோடு நாலு, நாலரை மணிக்கே சூரியநெல்லியிலிருந்து புறப்படுகிறார்கள். முகட்டில் வந்து நின்றதும் முதலில் உணர்வது காற்றின் குளிர்ச்சியை. பிறகு கிழக்கே, கால் வைத்த இடத்துக்கு நேர் கீழே, மலை சரேலென்று இறங்கிக் குரங்கணிப் பள்ளத்தாக்கில் முடிவதும், அதற்கும் அப்பால் போடியின் விளக்குகளும் தேனிச் சமவெளியும் விரிவதும் மெல்ல மெல்லப் புலப்படுகின்றன. பல நாட்களில் அந்தச் சமவெளி முழுவதையும் மேகம் மூடியிருக்கும். அப்போது சூரியன் எழுவது மேகத்தின் விளிம்பிலிருந்துதான். பக்கத்திலேயே 2,640 மீட்டர் உயரத்தில் மீசைப்புலிமலை நிற்கிறது. தென்னிந்தியாவின் உச்சமான ஆனைமுடி அதைவிடச் சொற்ப உயரமே கூடியது, 2,695 மீட்டர்.

இதே மலைத்தொடரில் வடக்கே டாப் ஸ்டேஷன் என்ற இடம் இருக்கிறது. மூணாறுப் பக்கத்துத் தேயிலை, குண்டளைப் பள்ளத்தாக்கின் சிறு ரயிலில் அங்கே வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடி அடிவாரத்துக்கு இறங்கி, போடி வழியாகத் துறைமுகத்துக்குப் போன காலம் ஒன்று உண்டு. 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்த ரயில்பாதையை அழித்துவிட்டது. கொழுக்குமலையின் தேயிலைத் தொழிற்சாலையோ 1930களில் எழுந்தது. இலையை உலர்த்தி உருட்டிப் பதப்படுத்தும் பழைய முறையில், அந்தக் காலத்து யந்திரங்களைக் கொண்டே அங்கே தேயிலை தயாராவதை நேரில் பார்க்கலாம். அவற்றில் பல யந்திரங்கள் கப்பலில் வந்து மலையேறியவை. அந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 பாகையிலேயே கொதித்துவிடுகிறது; குளிரில் நடுங்கிக்கொண்டு அங்கே குடிக்கிற தேநீரின் ருசியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அங்கே நிற்கும்போது 2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்தை நினையாமல் இருக்க முடிவதில்லை. குரங்கணி மலையில் பற்றிய தீயில் மலையேறச் சென்றவர்கள் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவர்களில் பலர் இளவயதினர். உலர்ந்த போதைப்புல் ஒரு பொறியில் பற்றி, காற்றோடு சேர்ந்து மலைச்சரிவில் ஓடுகிற வேகத்தை மனிதன் முந்த முடியாது. வேனிற்காலத்தில் அப்பக்கம் போகிறவர்கள் வனத்துறையின் தடையை மீறக் கூடாது. ஒரு சிகரெட்டையோ தீக்குச்சியையோ அங்கே எறியக் கூடாது. அதே 2018இல்தான் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி இந்த மலைகளில் பூத்தது. இனி 2030இல் பூக்கவேண்டும். ஜீப்பு ஓட்டுகிற என் இளைய நண்பர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: எவ்வளவு ஆசை காட்டினாலும் தடத்தைவிட்டுப் புல்வெளியில் சக்கரத்தை இறக்காதீர்கள். ஒரு முறை அழுந்திய தடத்தில் அடுத்த மழை ஓடையாக ஓடும். ஓடை மண்ணை அரிக்கும். அந்த மண் போனால் குறிஞ்சியின் வேரும் போய்விடும்.

இறங்குவதைப் பற்றி இன்னும் நான் சொல்லவில்லை. ஏறுவதைவிட இறங்குவதே கடினம். ஏனெனில் ஏற்றத்தில் பிழை செய்தால் வண்டி நின்றுவிடும், இறக்கத்தில் பிழை செய்தால் நிற்காது. ஏறிய அதே 'லோ'வில், அதே முதல் கியரில், கிளட்சைத் தொடாமல், எஞ்சினின் தடையே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி விட்டு இறங்கவேண்டும். பிரேக்கையே நம்பி நீண்ட தூரம் இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். இழந்த பிறகுதான் அது தெரியவும் வரும். "கியர்லயே இறக்கு" என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது இதைத்தான். என் மாணவர் ஒருவர், இறக்கத்தில் வண்டியின் பின்பக்கம் இலேசாகச் சறுக்கியபோது, பிரேக்கை மிதிக்கத் துடித்த காலை அடக்கிக்கொண்டு ஆக்ஸிலேட்டரை மெல்லத் தொட்டு, சக்கரத்தை உருளவைத்து நேராக்கினார். பூட்டிய சக்கரம் சறுக்கும், உருளும் சக்கரமே திரும்பும் என்பதை அவர் அந்த ஒரு கணத்தில் செய்து காட்டினார். வகுப்பில் நான் பலமுறை சொன்னது அவர் காலுக்குள் இறங்கியிருந்ததைக் கண்டு எனக்கு உண்டான ஆனந்தம் சொல்லுக்கு அடங்காது.

நேரம் முடியப்போகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளியும் மார்கழி, தை மாதங்களில் உங்களில் சிலராவது இந்தப் பாதையில் ஏறவேண்டும் என்பது என் ஆசை. இப்போது பயணிகள் பெரும்பாலும் சூரியநெல்லி ஜீப்புகளிலேயே போகிறார்கள். அப்படிப் போவதே உத்தமம். அங்கே ஜீப்பில் ஏறும்போது ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவருடைய இடது கை எந்த இடத்தில் 'லோ'வுக்குப் போகிறது, கால் எந்த இடத்தில் கிளட்சை விட்டு விலகுகிறது, எந்தக் கல்லை அவர் தேடிப் போய் மிதிக்கிறார் என்று கவனியுங்கள். மழை வந்து அவர் பாதி வழியில் திரும்பிவிடலாம் என்று சொன்னால், கொடுத்த பணத்தை எண்ணி அவரை வற்புறுத்தாமல், சரி அண்ணே என்று சொல்லித் திரும்பிவிடுங்கள். மறு வாரமும் மலை அங்கேதான் இருக்கும். எல்லாம் நல்லபடியாக அமைந்து முகட்டுக்குப் போய்ச் சேர்ந்தால், முதல் தேநீரை அவருக்கு வாங்கிக் கொடுங்கள்.